எழுதுகிற மென்பொருளும் அணுகல்தன்மையும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலியில் (தமிழ்நாட்டுத் திருநெல்வேலி அல்ல, எங்கட திருநெல்வேலி) ஒரு சிறிய கணினி வகுப்பில் மாலை நேரம் கற்பிக்கிறேன். பழைய மாணவர் சங்கத்தின் தளத்தைப் பார்த்துக்கொள்பவர், கோயில் செயலாளர், பாடசாலை ஆசிரியை, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நிரல் எழுதும் பிள்ளைகள் என்று பலவிதமானவர்கள் வருவார்கள். அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோருக்கும் எட்டும்படி இருப்பது) என்ற சொல்லை எடுத்ததும் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். வெண்பலகையில் எழுதி எழுதி அழித்துக் களைத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

அணுகல்தன்மை எண்டால் வெப்சைட்டுக்குத்தானே? அதைச் செய்யிற மென்பொருளுக்கு என்ன சம்பந்தம்?

தளம் வானத்தில் இருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் வேர்ட்பிரஸ்ஸிலோ வேர்ட்டிலோ மூடிலிலோ இருந்து எழுதுகிறார். அந்த மென்பொருளில் படத்துக்கு விளக்கம் எழுத ஒரு பெட்டி இல்லையென்றால், எழுத விரும்புபவரும் எழுத முடியாது. பெட்டி மூன்று மெனுவுக்குள் ஒளிந்திருந்தால் எழுத மாட்டார். படத்தைப் போட்டவுடன் பெட்டி முன்னால் வந்து நின்று கேட்டால், அநேகமாக எழுதிவிடுவார். வகுப்பில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இது. நல்ல மனம் எல்லோருக்கும் இருக்கிறது, ஞாபகம்தான் இருப்பதில்லை.

இதற்கென்றே தனியாக ஒரு வழிகாட்டி உண்டு. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதன் முதற் பதிப்பை 2000 பெப்ரவரியிலும் இரண்டாம் பதிப்பை 2015 செப்டெம்பரிலும் வெளியிட்டது. சுருக்கமாக ஏடாக் என்பார்கள். அதில் இரண்டு பகுதிகள். முதற் பகுதி, அந்த மென்பொருளை மாற்றுத்திறனாளி ஒருவர் தானே இயக்க முடிய வேண்டும் என்கிறது. இரண்டாம் பகுதி, அதனால் உருவாகும் உள்ளடக்கம் எல்லோருக்கும் எட்டும்படி அமைய, எழுதுபவருக்கு மென்பொருள் கைகொடுக்க வேண்டும் என்கிறது. இரண்டாவதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். முதலாவதைச் சொன்னால்தான் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்கு நாலாவது கேள்வியில் வருகிறேன்.

எந்தெந்த மென்பொருள் இதுக்குள்ள வரும்? வேர்ட் வருமோ? பேஸ்புக்?

இரண்டும் வரும். பிறர் பார்ப்பதற்காக இணைய உள்ளடக்கத்தை உருவாக்கவோ திருத்தவோ உதவுகிற எதுவும் வரும். வேர்ட்பிரஸ் போன்ற தள நிர்வாக மென்பொருள், மூடில் போன்ற கற்பித்தல் மென்பொருள், காணொளி வெட்டி ஒட்டும் மென்பொருள், கோப்பை இணையப் பக்கமாகச் சேமிக்கத் தெரிந்த வேர்ட், பேஸ்புக்கில் பதிவு எழுதும் பெட்டி எல்லாம் இந்த வகைதான். விக்கிப்பீடியாவின் தொகுப்புப் பெட்டியும் அப்படியே. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை ஆரம்பத்தில் வளர்த்தெடுத்த மயூரநாதன் எங்கள் யாழ்ப்பாணத்தவர் என்பதால், அதை வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை.

நீங்கள் எழுதி நீங்கள் மட்டுமே பார்ப்பது, வெறும் எழுத்தாக அனுப்பும் மின்னஞ்சல் ஆகியவை இதில் சேராது.

விக்காக், ஏடாக் எண்டு ரெண்டு சொல்லுறீங்கள். ரெண்டும் ஒண்டுதானே?

இல்லை. விக்காக் என்பது டபிள்யூ3சியின் இன்னொரு வழிகாட்டி, முடிந்த பக்கத்தைப் பற்றியது. 2008இல் 2.0, 2018இல் 2.1, 2023 ஒக்டோபரில் 2.2 என்று வந்திருக்கிறது. “இந்தப் படத்துக்கு மாற்று உரை இருக்கிறதா?” என்று விக்காக் கேட்கும். (மாற்று உரை என்பது படத்தைப் பார்க்க முடியாதவருக்காக எழுதும் விளக்கம்.) “படத்தைப் போட்டபோது மென்பொருள் மாற்று உரையைக் கேட்டதா? எழுதியதைத் தொலைக்காமல் வைத்திருந்ததா?” என்று ஏடாக் கேட்கும்.

ஒரு சிக்கல் உண்டு. உலாவிக்குள் ஓடும் எழுது மென்பொருள் தானும் ஓர் இணையப் பக்கம்தான். ஆகவே அதன் பொத்தான்களுக்கும் மெனுக்களுக்கும் விக்காக் பொருந்தும். இதனால்தான் இரண்டையும் குழப்புகிறார்கள்.

பாக்கேலாத ஆள் ஏன் வெப்சைட் செய்யப்போறார், சேர்?

இதைக் கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பார்வையற்றவரை வாசிப்பவராகவோ கேட்பவராகவோ மட்டும் நினைத்துப் பழகியவர்கள். இவர்களுக்கு நான் முதலில் சொல்வது என்விடிஏயின் கதை. திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் இந்த இலவச மென்பொருளை (இந்த வகைக்குத் திரைவாசிப்பான் என்று பெயர்) 2006இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கியவர் மைக்கல் கரன். அவருக்குப் பார்வை இல்லை. உலகம் முழுக்கப் பார்வையற்றவர்கள் பாவிக்கிற மென்பொருளை எழுதியவரே பார்வையற்றவர் என்றால், ஒரு வலைப்பக்கம் எழுதுவது பெரிய காரியமா?

என்னிடம் படித்த ஒரு தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. உதைபந்தாட்டம் என்றால் உயிர். மைதானத்தில் ஒன்றுவிட்ட அண்ணர் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்லக் கேட்டு, வீட்டுக்கு வந்து போட்டியைப் பற்றி எழுதுவார். எழுத்து நல்ல எழுத்து. ஆனால் நான் முதலில் அவருக்குக் காட்டிய எழுது மென்பொருளில் பொத்தான்களுக்குப் பெயரே இல்லை. திரைவாசிப்பான் “பட்டன், பட்டன், பட்டன்” என்று பதினைந்து தரம் சொல்லி ஓய்ந்தது. எது தடித்த எழுத்து, எது இணைப்பு, எது வெளியிடும் பொத்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான், வெட்கப்பட்டதும் நான்தான்.

கைதடி நவீல்ட் பாடசாலையிலும் சுன்னாகம் வாழ்வகத்திலும் இருந்து வரும் பிள்ளைகள் நாளைக்கு ஆசிரியராகவோ செய்தியாளராகவோ ஒரு நிறுவனத்தின் தளத்தைப் பார்ப்பவராகவோ வேலைக்கு வருவார்கள். பார்வை மட்டுமல்ல விஷயம். போரில் கையையோ விரல்களையோ இழந்தவர்கள் எங்கள் ஊரில் கொஞ்சப் பேர் இல்லை. மவுஸ் பிடிக்க முடியாதவர் விசைப்பலகையாலேயே எல்லாம் செய்ய வேண்டும். காது கேளாதவர் காணொளி வெட்டினால், பிழைச் செய்தியை வெறும் ‘டிங்’ சத்தமாகக் கொடுப்பதில் பயனில்லை.

இதில் எல்லோரும் தவறவிடும் ஒரு சின்ன விஷயம் உண்டு. எழுத்துப் பிழை வந்தால் சொல்லுக்குக் கீழே சிவப்பு அலைக்கோடு வருமே? அது கண்ணுக்கு மட்டும் தெரிந்தால் போதாது, திரைவாசிப்பானுக்கும் சொல்லப்பட வேண்டும் என்பது ஏடாக்கின் முதற் பகுதியில் அடிப்படை நிலையிலேயே இருக்கும் விதி. பிழை எங்கே என்று தெரியாமல் எப்படித் திருத்துவது?

மவுஸைக் கழட்டிப்போட்டு எழுதிப் பாருங்கோ எண்டு சொல்லுறீங்கள். எதைப் பாக்கிறது?

முதலில், டாப் விசையால் எல்லாப் பொத்தானுக்கும் போக முடிகிறதா, எங்கே நிற்கிறோம் என்று திரையில் தெரிகிறதா என்று பாருங்கள். அடுத்து, எழுதும் இடத்துக்குள் போனபின் வெளியே வர வழி இருக்கிறதா என்று பாருங்கள். நிரல் எழுதும் மென்பொருளில் டாப் அடித்தால் இடைவெளி விழும், ஆள் உள்ளே சிக்கிக்கொள்வார். அதற்காகத்தான் விஎஸ் கோட்டில் கண்ட்ரோல்-எம் அழுத்தினால் டாப் மறுபடி வெளியே போகும் விசையாக மாறும். பல தளங்களில் உள்ள டைனிஎம்சிஇ எழுதுபெட்டியில் ஆல்ட்-எஃப்10 அழுத்தினால் கருவிப்பட்டைக்குப் போகலாம். இப்படி ஒரு வழி இருந்தால் போதாது, அது இருக்கிறதென்று உதவிக்குறிப்பில் எழுதியும் இருக்க வேண்டும்.

கடைசியாக, இழுத்து விடுவதைத் தவிர வேறு வழி இல்லாத இடங்களைத் தேடுங்கள். பந்தியை மேலே கொண்டுபோக இழுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கை நடுங்குபவர் தோற்றார். வேர்ட்பிரஸ்ஸின் புதிய எழுதுபெட்டியில் மேல், கீழ் அம்புக்குறிப் பொத்தான்கள் இருக்கின்றன. இழுவைக்கு மாற்று வழி வேண்டும் என்பது விக்காக் 2.2இல் புதிதாகச் சேர்ந்த விதிகளில் ஒன்று.

ஆறுதலா எழுதுற ஆளுக்கு நேரம் முடிஞ்சு வெளிய தள்ளிப்போடுதே?

ஏடாக் இதற்குத் தெளிவாக வழி சொல்கிறது. மென்பொருளுக்கு நேர எல்லை இருந்தால், அது முடியமுன் எழுதியதைத் தானாகச் சேமிக்க வேண்டும். ஒற்றை விரலால் தட்டுபவருக்கு ஒரு பந்தி எழுத அரை மணித்தியாலம் ஆகலாம். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டைப் பார்த்த எங்களுக்குச் சேமிப்பின் அருமையை யாரும் விளக்கத் தேவையில்லை. செய்ததைத் திரும்பப் பெறும் (‘அண்டூ’) வசதியும் ஏடாக்கின் முதற் பகுதியில் கேட்கப்படுகிறது.

மாற்று உரையை வெறுமையா விட்டால் மென்பொருள் தானே ஏதாவது போட்டுக்கொள்ளும்தானே?

போட்டுக்கொள்ளும். அதுதான் பிரச்சினை. முன்பு நான் ஒரு பழைய மாணவர் சங்கத்துக்குச் செய்துகொடுத்த தளத்தில், விளக்கம் இல்லாத படங்களுக்கு மென்பொருள் கோப்பின் பெயரையே மாற்று உரையாக வைத்தது. படங்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தவை. ஆகவே திரைவாசிப்பான் “ஐஎம்ஜி இரண்டு பூச்சியம் ஒன்று ஒன்பது பூச்சியம் எட்டு...” என்று தொடங்கி, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தொலைபேசி இலக்கத்தை ஒப்புவித்தது. நாற்பது படங்கள். கேட்டுப் பார்த்த உதைபந்தாட்டத் தம்பி, “சேர், இது பரிசளிப்பு விழாவோ, லொத்தர் முடிவோ?” என்று கேட்டார்.

ஏடாக் இதை அடிப்படை நிலையிலேயே தடுக்கிறது. “படம்” என்ற பொதுச் சொல்லையோ கோப்பின் பெயரையோ மாற்று உரையாக நிரப்பக் கூடாது. மென்பொருள் தானாக ஒரு விளக்கத்தை ஊகித்தால், அதை ஏற்கவோ திருத்தவோ தள்ளவோ எழுதுபவருக்கு முதலில் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். பேஸ்புக் 2016இல் தானியங்கி விளக்கத்தைக் கொண்டுவந்தது. அதைத் திருத்தும் இடமும் அதிலேயே இருக்கிறது. திருத்துபவரைத்தான் நான் அதிகம் காணவில்லை.

வெறும் அலங்காரத்துக்குப் போட்ட கோடு, பூ வேலைப்பாடு போன்றவற்றுக்கு விளக்கம் வெறுமையாக இருப்பதே சரி. அப்போதும் “இது அலங்காரம்” என்று எழுதுபவர் சொல்ல மென்பொருளில் ஒரு வழி வேண்டும். மறந்துபோய் விட்டது வேறு, வேண்டுமென்று விட்டது வேறு.

மரண அறிவித்தலை எல்லாரும் படமாத்தானே போடினம்? அதுக்கும் எழுத வேணுமோ?

அதற்குத்தான் முதலில் எழுத வேண்டும் என்பேன். தானியங்கி விளக்கம் “ஒருவரும் எழுத்தும் உள்ள படமாக இருக்கலாம்” என்ற அளவில்தான் சொல்லும். யார் இறந்தது, எந்த ஊர், கிரியைகள் எப்போது, எந்த மயானம் என்ற ஒன்றுமே காதில் விழாது. சொந்தக்காரர் செத்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லித்தான் ஒருவர் அறிய வேண்டியிருந்தால், அந்த அறிவித்தல் அவருக்கு அறிவிக்கவில்லை.

வழி சுலபம். படத்தில் உள்ள வசனங்களைப் பதிவிலேயே எழுத்தாகவும் போடுங்கள். அதைத் தட்டச்சுச் செய்துதான் படம் ஆக்கியிருப்பீர்கள், அந்த எழுத்து உங்களிடம் எப்படியும் இருக்கும். இது வெளிநாட்டில் கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கும் உதவும். பெயரைத் தேடினால் கிடைக்கும்.

பாமினியில அடிச்சது திரையில வடிவாத் தெரியுது. பிறகென்ன பிழை?

கண்ணுக்கு வடிவுதான். கணினிக்கு அது தமிழே இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகள் இருக்கும் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்திருக்கிறார்கள். பாமினியில் “தமிழ்” என்று அடித்தால் உள்ளே சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். திரைவாசிப்பான் எழுத்துருவின் உருவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதை வாசிக்கிறது. ஆகவே முழுக் கட்டுரையும் “ஜேகேபிஓ” மாதிரியான உளறலாகத்தான் வரும். தேடினாலும் கிடைக்காது. எழுத்துரு இல்லாத தொலைபேசியில் திறந்தால் கண் தெரிகிறவருக்கும் அதே உளறல்தான்.

இதை எத்தனை தரம் சொன்னாலும் வரும் மறுமொழி, “இருபது வருசமாப் பாமினியில கை பழகிட்டுது” என்பது. விளங்குகிறது. ஆனால் விசைப்பலகைப் பழக்கமும் எழுத்துருவும் ஒன்றல்ல. என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருளில் பாமினி விசை அமைப்பைத் தெரிவுசெய்துவிட்டால், விரல்கள் பழையபடியே ஓடும், திரையில் விழுவது கணினி தமிழென்றே அறியும் யூனிகோட் தமிழாக இருக்கும். ஏற்கெனவே அடித்துக் குவித்தவற்றைப் பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றியில் ஒட்டினால் நொடியில் மாறிவிடும். மாற்றியபின் ஒரு தரம் வாசித்துப் பாருங்கள். நடுவில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் சேர்ந்து மாறி வேடிக்கையாகிவிடும்.

மென்பொருள் செய்பவர்களுக்கு ஒன்று. பழைய எழுத்துருவில் உள்ள பந்தியை ஒருவர் ஒட்டும்போது “இது யூனிகோட் இல்லைப் போலிருக்கிறது, மாற்றட்டுமா?” என்று கேட்கும் எழுதுபெட்டியை யாராவது செய்தால், என் கணக்கில் அதுதான் ஏடாக்கின் இரண்டாம் பகுதியின் சாரத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்த மென்பொருள். ஏடாக்கில் பாமினி என்ற பெயர் இல்லைத்தான். எங்கள் பிரச்சினையை எங்களுக்காக வேறு யார் எழுதிவைப்பார்கள்?

யூனிகோட்டில அடிச்சும் குரல் பிழையா வாசிக்குதே?

இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒன்று, பக்கம் எந்த மொழி என்று மென்பொருள் குறித்து வைத்ததா என்பது. தமிழ்ப் பக்கத்தை “ஆங்கிலம்” என்று அடையாளமிட்டு வெளியிட்டால், ஆங்கிலக் குரல் தமிழைத் தாண்டிப் போகும் அல்லது கடித்துக் குதறும். பல மென்பொருள்கள் நிறுவும்போது தெரிவுசெய்த மொழியையே எல்லாப் பக்கத்துக்கும் போடும். அமைப்புப் பகுதியில் தமிழ் என்று மாற்றிவிடுங்கள். நடுவில் ஒரு முழுப் பந்தி ஆங்கிலமோ சிங்களமோ வந்தால் அதை மட்டும் தனியாக அடையாளமிடவும் வழி இருக்க வேண்டும்.

மற்றது எங்கள் கைப்பிழை. “ஔவையார்” என்பதை ‘ஒ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ அடித்து ஒப்பேற்றுபவர்கள் அதிகம். பார்க்க ஒரே மாதிரி. குரல் மட்டும் “ஒளவையார்” என்று ளகரத்தை முழுதாக உச்சரிக்கும், பாட்டிக்குக் கோபம் வரும்.

வேர்ட்டில செய்து பிடிஎஃப் ஆக்கினால் போதும்தானே?

எப்படி ஆக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அச்சிடும் கட்டளைக்குப் போய் ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ கொடுத்தால், தலைப்பு, பட்டியல், அட்டவணை, மாற்று உரை என்று நீங்கள் செய்த கட்டமைப்பு எல்லாம் போய், தாளில் மை தெளித்த மாதிரி ஒன்று கிடைக்கும். ‘சேவ் அஸ்’ மூலம் பிடிஎஃப் ஆகச் சேமித்தால், அதன் தெரிவுகளில் அணுகல்தன்மைக்கான கட்டமைப்புக் குறிகளைச் சேர்க்கும் ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் சரி போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்கு முதல், கட்டமைப்பு இருக்க வேண்டும். தலைப்பைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் அது தலைப்பு ஆகாது. ‘ஹெடிங்’ பாணியைக் கொடுத்தால்தான் ஆகும். என்விடிஏ பாவிப்பவர் இணையப் பக்கத்தில் எச் விசையைத் தட்டித் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவுவார். நாங்கள் கண்ணால் மேய்வதைப் போலத்தான் அது. போலித் தலைப்பு போட்ட முப்பது பக்க ஆவணத்தில் அவர் முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

ஒரு வடிவத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, ஒரு பெட்டியில் இருந்து இன்னொரு பெட்டிக்கு ஒட்டும்போது அணுகல் விபரங்கள் தொலையக் கூடாது என்பது ஏடாக்கின் இரண்டாம் பகுதியில் முக்கியமான விதி. காணொளியை மறுபடி ஏற்றுமதி செய்யும்போது வசன வரிகள் காணாமல் போவதும் இதே வியாதிதான்.

ஸ்கான் பண்ணின பழைய புத்தகம்?

படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருளான எழுத்துணரியை ஓடவிடாதவரை அது படம், எழுத்தல்ல. மரண அறிவித்தலுக்குச் சொன்னதுதான் இதற்கும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி இணையத்தில் வைத்திருப்பதைப் பார்க்கிறோம். அழியாமல் காப்பது முதற் படி, அதை அவர்கள் செய்துவிட்டார்கள். எழுத்தாக்குவது அடுத்த படி. அதற்கு மென்பொருளோடு மனிதக் கண்ணும் வேண்டும், பழைய அச்சில் எழுத்துணரி தடுமாறும்.

கோயில் நோட்டீஸ் மஞ்சளில சிவப்பு. அது மங்களம். மாத்தச் சொல்லுறீங்களோ?

மங்களத்தில் நான் கை வைக்கவில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது விக்காக்கின் இரண்டாம் நிலை (ஏஏ) விதி. குறைந்தது 18 புள்ளி எழுத்துக்கு, அல்லது குறைந்தது 14 புள்ளித் தடித்த எழுத்துக்கு 3க்கு 1 போதும். சுத்த மஞ்சளில் சுத்தச் சிவப்பு ஏறக்குறைய 3.7 வரும். ஆகவே “மகோற்சவ விஞ்ஞாபனம்” என்ற பெரிய தலைப்புத் தேறிவிடும். கீழே பொடி எழுத்தில் இருக்கும் உபயகாரர் பெயர்கள் தேறாது. உபயகாரர்தான் முதலில் கோபிப்பார்.

சிவப்பைக் குங்குமச் சிவப்பில் இருந்து இன்னும் இருட்டி அரக்கு நிறத்துக்குக் கொண்டுபோனால், அதே மஞ்சளில் 10ஐத் தொடும். மங்களமும் கெடவில்லை. எழுது மென்பொருள் வார்ப்புருக்களை, அதாவது முன்பே வடிவமைத்த மாதிரிகளை, தருகிறதென்றால், அவற்றில் அணுகத்தக்கவையும் இருக்க வேண்டும், எவை அப்படிப்பட்டவை என்று காட்டவும் வேண்டும் என்கிறது ஏடாக். நிறத்தைத் தெரிவுசெய்கிற இடத்திலேயே இந்த எண்ணைக் காட்டினால் இன்னும் நல்லது.

செக் பண்ணிப் பாத்தன், ‘பிழை இல்லை’ எண்டு வந்தது. பிறகும் குறை சொல்லுறீங்களே?

வேர்ட்டின் ‘ரிவியூ’ பகுதியில் உள்ள அணுகல் சரிபார்ப்பி, இணையப் பக்கத்துக்கான வேவ் போன்றவை எல்லாம் நல்லவை, பாவியுங்கள். ஆனால் அவை பெட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கும், என்ன நிரம்பியிருக்கிறது என்று அவ்வளவாகப் பார்க்காது. மாற்று உரையில் “அஆஇஈ” என்று எழுதினால் எந்தச் சரிபார்ப்பி தமிழில் அதைப் பிடிக்கும்? ஏடாக்கும் இதை ஒப்புக்கொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது. மென்பொருளால் முடிவெடுக்க முடியாத இடங்களில், எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுபவருக்குச் சொல்லிக்கொடுத்து முடிவை அவரிடம் விட வேண்டும்.

இலங்கையில இதுக்குச் சட்டம் இருக்கோ?

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. தகவல் தொழில்நுட்பமும் எட்ட வேண்டும் என்று அதன் 9ஆம் உறுப்புரை சொல்கிறது. எழுது மென்பொருளைப் பெயர் சொல்லி யாரும் உங்களை நீதிமன்றத்துக்கு இழுக்கப்போவதில்லை, பயப்படாதீர்கள். சட்டம் கடிக்கும் இடம் அடுத்த கேள்வியில் வருகிறது.

நாங்கள் இஞ்ச இருந்து வெளிநாட்டுக் கம்பனிக்கு எடிட்டர் செய்து குடுக்கிறம். எங்களுக்கும் பொருந்துமோ?

வாடிக்கையாளருக்குப் பொருந்தினால் உங்களுக்கும் வந்து சேரும், ஒப்பந்தத்தின் வழியாக. ஐரோப்பாவில் ஈஎன் 301 549 என்ற தரத்தின் 11.8ஆம் பிரிவு முழுக்க எழுது மென்பொருளைப் பற்றியது. அணுகத்தக்க உள்ளடக்கத்தை உருவாக்க வழி, வடிவம் மாற்றும்போது அணுகல் விபரங்களைக் காத்தல், பிழை திருத்த உதவி, வார்ப்புருக்கள் என்று ஏடாக்கின் சுருக்கம் போலவே இருக்கும். ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டமும் 2025 ஜூன் 28இல் இருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. மின்னூலும் இணைய வணிகமும் அதற்குள் வரும்.

அமெரிக்க மத்திய அரச நிறுவனம் வாங்குவதானால், அந்த நாட்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 508ஆம் பிரிவு. அதில் எழுது மென்பொருளுக்குத் தனி இடம் உண்டு. பிடிஎஃப் ஏற்றுமதி செய்யத் தெரிந்த மென்பொருள், பிடிஎஃப்/யூஏ என்ற அணுகத்தக்க வகையிலும் ஏற்றுமதி செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. வேர்ட் பற்றிய கேள்வியில் சொன்ன தொல்லையை நினைத்துப் பாருங்கள், விதி ஏன் வந்ததென்று விளங்கும்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது: கடைசி வாரத்தில் சோதனைக்காரர் கொடுக்கும் பட்டியலுக்காகக் காத்திருக்காதீர்கள். பொத்தானுக்குப் பெயர் வைப்பது முதல் நாளில் ஒரு நிமிட வேலை. ஆறு மாதம் கழித்து முந்நூறு பொத்தானுக்கு வைப்பதென்றால் இரவிரவாக மினக்கெட வேண்டும்.

நிலை ஏ, ஏஏ, ஏஏஏ எண்டினம். சான்றிதழ் ஆர் தருவினம்?

டபிள்யூ3சி யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. செய்தவரே “இந்தப் பதிப்பு, இந்த நிலை” என்று உரிமைகோரி அறிவிப்பார். ஏ என்பது அடிப்படை, ஏஏ என்பது பெரும்பாலான ஒப்பந்தங்கள் கேட்பது, ஏஏஏ உச்சம். முழுக்க நிறைவேற்ற முடியாத சில சந்தர்ப்பங்களில் அதைப் பகுதி நிறைவு என்று சொல்லவும் இடம் உண்டு. முழுக்கச் செய்ததாகக் காட்டிக்கொள்வதைவிட அது மரியாதை.

ஒவ்வொரு படத்துக்கும் ‘விளக்கம் எழுது, எழுது’ எண்டு அரிக்குது. நிப்பாட்டி வைக்கலாமோ?

நிறுத்தலாம். ஏடாக் எழுதுபவரின் கையைக் கட்டிப்போடவில்லை. அணுகல் உதவிகள் தொடக்கத்தில் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும், எழுதுபவர் நிறுத்தினால் திரும்ப இயக்க வழி இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. நிறுத்தியவர் திரும்ப இயக்கியதை நான் இன்னும் காணவில்லை என்பது வேறு கதை. ஆகவே மென்பொருள் செய்பவர்கள் நச்சரிக்கும் விதத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பாயாமல், வெளியிட முன்பு “மூன்று படங்களுக்கு விளக்கம் இல்லை” என்று ஒருமுறை சொன்னால் யாரும் நிறுத்தத் தேடமாட்டார்கள்.

சரி, பார்வையில்லாதவர் தானே படம் போட்டால், மாற்று உரை ஆர் எழுதுறது?

இதுவரை கேட்டதில் எனக்குப் பிடித்த கேள்வி. விளக்கப்பெட்டி திறந்திருக்கிறது, விதியும் இருக்கிறது, எழுதுபவருக்குப் படம் தெரியாது. தானியங்கி விளக்கத்தை ஏற்றுக்கொள் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது “மைதானத்தில் சிலர்” என்று மட்டும்தான் சொல்லும்.

படம் ஒருவரிடம் இருந்து வந்திருக்கும், விளக்கமும் அவரிடம் இருந்தே வரலாம். பலர் சேர்ந்து எழுதும் மென்பொருளில் ஒருவர் கட்டுரையை எழுத, இன்னொருவர் விளக்கத்தை நிரப்ப வழி இருந்தால் வேலை முடிந்தது. அந்த வழி இல்லாதபோது எங்கள் உதைபந்தாட்டத் தம்பி தன் வழியைக் கண்டுபிடித்தார். படம் எடுத்த அண்ணர் வாட்ஸ்அப்பில் படத்தோடு ஒரு குரல் பதிவும் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் படம் போடப்படாது. போன முறை அனுப்பிய குரல் பதிவு: “கோல்கீப்பர் இடப்பக்கம் பாயிறார், பந்து வலப்பக்கம் போகுது, பின்னால ஒரு கிழவர் குடையை எறியிறார்.” தம்பி ஒரு சொல்லும் மாற்றாமல் அதைப் பெட்டியில் தட்டச்சுச் செய்தார்.